பின்சிறகும் பதிவுச் சான்றும்: வாளையார் முதல் போடிமெட்டு வரை ஒரு சிறு வரலாறு

காரின் டிக்கி மூடியின்மேல் பொருத்தப்படும் ஒரு ஃபைபர் பட்டையை வரலாற்று ஆய்வின் பொருளாகக் கொள்ள இயலுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இயலும் என்பதே என் விடை. ஸ்பாய்லர் என்று பட்டறைகளில் வழங்கும் அந்தப் பொருள், மோட்டார் பந்தயத்தின் வரலாற்றையும், இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் ஒரு பிரிவு பன்னிரண்டே ஆண்டுகளில் தலைகீழாய் மாறிய கதையையும், 1956இல் வரையப்பட்ட ஒரு மாநில எல்லையையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இந்தச் சந்திப்பைத் தெளிவாகக் காணலாம். வண்டிக்கு அழகு சேர்ப்பது கோவைப் பட்டறையில். அந்த அழகு குற்றமா என்று தீர்மானிக்கப்படுவது வாளையாரைத் தாண்டிய பிறகு.

முதலில் சொல். மொழியியல் மாணவன் என்பதால் இதைத் தவிர்க்க இயலவில்லை. ஸ்பாய்லர் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் 'கெடுப்பது' என்பதே. எதைக் கெடுக்கிறது? காற்றின் ஓட்டத்தை. விமானத்தின் இறக்கைமேல் எழும்பி நின்று தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகளுக்கு வழங்கிய பெயர் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. நம்மிடையே இதைச் 'சிறகு' என்றும் 'வால்' என்றும் சொல்வோர் உண்டு. இரண்டில் 'சிறகு' இயற்பியலின்படி வேறொரு பொருளைக் குறிக்கும். காரின் உடலோடு ஒட்டி, காற்று ஓடும் பாதையைத் தடுத்து மேல்நோக்கித் திருப்பிவிடுவது ஸ்பாய்லர். உடலிலிருந்து விலகி, இரண்டு கால்களின்மேல் உயர்ந்து, மேலும் கீழும் காற்று பாய இடம்விட்டு நிற்பது சிறகு. அது தலைகீழாகத் திருப்பப்பட்ட விமான இறக்கை. கடைகளில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. (திரைப்படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பவரையும் இதே சொல்லால் ஏசுகிறோம். வேர் ஒன்றுதான்.)

இதற்கான தேவை எங்கிருந்து வந்தது? பக்கவாட்டில் பார்த்தால் காரின் வடிவம், அடி தட்டையாகவும் மேல் வளைந்தும் இருக்கும் ஓர் இறக்கையை ஒத்தது. வேகமாகச் செல்லும்போது மேற்புறக் காற்று விரைந்து ஓடி, அங்கே அழுத்தம் குறைந்து, வண்டியின் பின்பகுதி மெல்ல மேலெழ முயல்கிறது. பின்சக்கரங்களின்மேல் விழும் எடை குறைகிறது. வளைவில் பிடிப்பு தளர்கிறது. ஸ்பாய்லர் இந்த எழுச்சியைக் குறைக்கிறது. ஆனால் இந்த விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 40 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். கால் சதுர மீட்டருக்கும் குறைவான பரப்புடைய ஒரு பொருத்துச் சிறகுக்கு மிதமான கெழு ஒன்றைக் கொண்டு கணக்கிட்டால், 120இல் ஏழு கிலோ அளவுக்கும், 40இல் ஒரு கிலோவுக்குக் குறைவாகவும் அழுத்தம் வருகிறது. போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் 40 கி.மீ. என்பதே துணிச்சலான வேகம். அங்கே அந்தச் சிறகு தரும் அழுத்தத்தைவிட அதன் சொந்த எடையே மிகுதி.

பாலக்காட்டின் நிலை சற்று வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில், தென்மேற்குப் பருவகாலத்தில் மேற்கிலிருந்து காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்; இடுக்கியின் எல்லையில் ராமக்கல்மேட்டில் அவை சுழல்வதும் இத்தகைய காற்றால்தான். காரின்மேல் படும் விசை, சாலையைப் பொறுத்த வேகத்தால் அன்றி, காற்றைப் பொறுத்த வேகத்தால் அமைவது. மேல்காற்று மணிக்கு 30 கி.மீ. என்று கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் கோவையிலிருந்து பாலக்காடு நோக்கிச் செல்லும் காருக்கு அது 110. அதே வேகத்தில் திரும்பி வரும் காருக்கு 50. அதே கார், அதே ஸ்பாய்லர், அதே சாலை. விசை மட்டும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபடுகிறது. அளவைக் கருவிகளோடு யாரேனும் ஒரு பொறியியல் மாணவர் இந்த 54 கி.மீ. வாளையார்–வடக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் இதைச் சோதித்தால் மகிழ்வேன்.

இனி வரலாறு. 1928 மே 23 அன்று பெர்லின் அருகே ஆவுஸ் தடத்தில் ஃப்ரிட்ஸ் ஃபான் ஓப்பல், ராக்கெட்டுகளால் உந்தப்பட்ட ராக்–2 என்ற வண்டியை மணிக்கு ஏறத்தாழ 238 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அதன் இருபுறமும் கீழ்நோக்கிச் சாய்ந்த சிறகுகள் இருந்தன. வண்டி தரையை விட்டு எழுந்துவிடக்கூடாது என்பதே அவற்றின் நோக்கம். ஆனால் அந்த அறிவு பந்தயத்துக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1956இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் மே என்ற இளம் பொறியாளர், தம் போர்ஷே 550 காரின் இருக்கைக்கு மேலே ஒரு பெரிய தலைகீழ்ச் சிறகைப் பொருத்திக்கொண்டு நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு வந்தார். பயிற்சியோட்டத்தில் கார் நன்றாக ஓடியது. பின்னால் வருவோரின் பார்வையை மறைக்கும் என்று சொல்லி அமைப்பாளர்கள் அதைக் கழற்றச் செய்தார்கள். தனியொருவர் தம் காரில் சொந்தமாகச் செய்த மாற்றமும், பிறர் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிகாரம் இட்ட தடையும் சிறகின் வரலாற்றில் இவ்வளவு தொடக்கத்திலேயே இணைந்து வருவதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

1961இல் ஃபெராரியின் சோதனையோட்டத்தில், ஓட்டுநர் ரிச்சி கிந்தரின் யோசனைப்படி பின்விளிம்பில் நிறுத்தப்பட்ட ஒரு குட்டையான தகட்டை, பந்தயக் காரின் முதல் ஸ்பாய்லர் என மோட்டார் வரலாறுகள் குறிப்பிடும். 1966இல் டெக்சாஸின் ஜிம் ஹால், சாப்பரல் 2இ காரில் உயரமான கம்பங்களின்மேல் சிறகை ஏற்றினார். ஓட்டுநர் காலால் மிதித்து அதன் சாய்வை மாற்றலாம். அதைப் பார்த்து ஃபார்முலா ஒன் கார்களிலும் சிறகுகள் உயர்ந்தன. 1969 மே மாதம் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தடத்தில் லோட்டஸ் அணியின் இரு கார்களிலும், கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவர் ஓட்டிய வண்டிகளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகுகள் முறிந்தன. இரண்டும் மோதி நொறுங்கின. அடுத்த பந்தயமான மொனாக்கோவில், பந்தய வாரம் நடந்துகொண்டிருக்கையிலேயே உயர்சிறகுகள் தடைசெய்யப்பட்டன. பின்னர் அளவும் உயரமும் வரையறுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. முழுத் தடைக்கும் முழு விடுதலைக்கும் இடையில் அளவு என்ற ஒன்று உண்டு என்பதைப் பந்தய நிர்வாகம் சில மாதங்களுக்குள் கண்டுகொண்டது.

சாலைக் கார்களில் ஸ்பாய்லர் வேரூன்றியது 1972இல் வெளிவந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 வழியாக. அதன் பின்மூடி வாத்தின் வால்போல் மேல்நோக்கி வளைந்திருந்ததால் ஜெர்மானியர் அதற்கு அந்தப் பெயரையே இட்டனர். ஆயினும் நம் பொருளுக்கு அதைவிட நெருக்கமானது 1973இன் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ்.எல். பந்தய விதியின்படி, பந்தயத்தில் ஓடும் காரின் சாலைப் பதிப்பிலும் அந்தச் சிறகு இருக்க வேண்டும். ஜெர்மானியச் சாலை விதியோ அத்தகைய சிறகை அனுமதிக்கவில்லை. நிறுவனம் என்ன செய்தது? சிறகைப் பொருத்தாமல் டிக்கிக்குள் வைத்து விற்றது. பொருத்திக்கொள்வது வாங்கியவர் பாடு. உற்பத்தியாளர் 'குறித்துரைத்த' பாகம் எது, உரிமையாளர் 'மாற்றிய' பாகம் எது என்ற பாகுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்த வழக்கும் கேலி செய்ததில்லை. இந்த 'குறித்துரைத்த' என்ற சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். சட்டத்தைப் பேசும்போது அது திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் பந்தயக் காரின் மரபு சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், போருக்குப் பின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமாயிற்று. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம், கோவையின் ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, வசதி குறைந்த இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வழி செய்தார். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில், இலகுரக விமானங்களுக்காக அமைந்திருந்த ஓடுதளத்தில் உருவான 2.1 கி.மீ. தடம் இன்று அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று வழங்குகிறது. சோழவரமும் செட்டிப்பாளையமும் விமானம் எழ அமைத்த தளங்கள். வண்டி எழாமல் இருக்க வேண்டிய கலை அங்கே வளர்ந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் மலிந்த நகரத்தில் பந்தயமும் சேர்ந்தால் தெருக்கார்கள் சும்மா இருக்குமா? 1998இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. 2001இல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' திரைப்படம் வந்தது. 2005இல் மாருதி ஸ்விஃப்ட் வந்தது. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாதவர் தம் காரை அதன் சாயலுக்குக் கொண்டுவரும் கலை, சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவையின் உதிரிபாகக் கடைத்தெருக்களிலும் ஒரு தொழிலாயிற்று. உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரும் வருவார். ஆனால் தொழிலைத் தாங்கி நிற்பவர் முன்னவரே.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் பொதுவாகத் தாண்டிச் செல்லும் பகுதி இது. ஸ்பாய்லர்கள் மூன்று வகைப் பொருளில் வருகின்றன: கண்ணாடியிழை கலந்த ஃபைபர், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், நெகிழ்வுள்ள பாலியூரித்தேன். பட்டறையிலேயே அச்செடுத்துச் செய்யக்கூடியது முதல் வகை. அதற்குப் பட்டி வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, காரின் நிறத்தோடு பெயிண்ட் பொருத்த வேண்டும். நிறம் பொருந்துவதே பாதி வேலை. ஐந்து ஆண்டு வெயிலில் வெளுத்த சிவப்பும் நேற்று அடித்த சிவப்பும் ஒன்றாகா. பிறகு மூடியின் நடுக்கோட்டைக் கண்டு, மாஸ்கிங் டேப் ஒட்டி, அளந்து, குறித்து, துளையிடுவது. துளையிட்ட விளிம்பில் இரும்பு வெளிப்படுகிறது. துருத் தடுப்பு பூசாமலும் ரப்பர் வாஷரும் சீலன்டும் வைக்காமலும் போல்ட்டை முறுக்கினால், இரண்டு பருவமழைக்குள் டிக்கிக்குள் நீர் இறங்கும். மூடியின் உட்புறத்தில் துரு படரும். துளையிட அஞ்சுபவர்கள் டபுள் சைடு டேப்பையே நம்புகிறார்கள். ஒட்டும் பரப்பிலிருந்து எண்ணெய்ப்பசையை நன்றாக நீக்கி, ஒரு நாள் அசையாமல் விட்டால் சிறு பட்டைகளுக்கு அது போதும். காலுயர்ந்த சிறகுக்கு ஒருபோதும் போதாது. நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு பறக்கும் ஸ்பாய்லர், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்குக் கத்தி.

இன்னும் இரண்டு. டிக்கி மூடியைத் தாங்கும் ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்டிரட்டோ, மூடியின் மூல எடைக்கென்று அளவிடப்பட்டது. நான்கைந்து கிலோ கூடினால் மூடி நிற்காமல் தலைமேல் இறங்கும். மற்றொன்று, பின்கண்ணாடியை ஒட்டி உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு. அதை மறைக்கும் ஸ்பாய்லர் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான ஸ்பாய்லர். நல்ல டிங்கர் இதைச் சட்டம் படிக்காமலே அறிவார். மேலும், நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறு கார்கள் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றின் பின்பகுதியை மட்டும் அழுத்துவதால் இழுவை கூடுவதில்லை. ஆகவே அங்கே பெரிய சிறகின் பயன் பெரிதும் தோற்றமே. தோற்றத்தை நான் இழிவாகக் கூறவில்லை. நாமக்கல் லாரியின் முகப்பு ஓவியத்தையும், கரூரிலும் கோதமங்கலத்திலும் கட்டப்பட்ட பேருந்துகளின் வளைவுகளையும் மதிக்கும் மரபில் வந்தவர்களுக்குத் தோற்றம் ஒரு வாதமே.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வாகன மாற்றத்தைப் பற்றியது. அதன் முதல் வடிவில் உரிமையாளருக்கு ஒரு வாயில் இருந்தது: பதிவுச் சான்றின் விவரங்கள் பிழையாகும்படி வண்டியை மாற்றக்கூடாது, பதிவு அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்து ஒப்புதல் பெற்றிருந்தாலன்றி. அதோடு ஒரு காப்புரையும் இருந்தது. பொருத்துப் பாகங்களையும் துணைப் பாகங்களையும் சேர்ப்பதாலோ நீக்குவதாலோ வண்டியின் வெற்றெடை மாறினால், அம்மாற்றம் சான்றில் கண்ட எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டாதவரை ஒப்புதலே தேவையில்லை. ஆயிரம் கிலோ காருக்கு 20 கிலோ. எடையை மட்டும் நோக்கினால், நம் ஸ்பாய்லர் இந்த வரம்புக்குள் நான்கு முறை அடங்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் தராசோடு வந்தாலும் அச்சமில்லை.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பிரிவை மாற்றி எழுதியது. பதிவுச் சான்றின் விவரங்கள், 'உற்பத்தியாளர் முதலில் குறித்துரைத்தவற்றுக்கு' முரணாகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்றாயிற்று. அதே வகை எஞ்சினை மாற்றிப் பொருத்துவதற்கும், வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கும் தனி வழிகள் தரப்பட்டன. இரண்டு விழுக்காட்டுக் காப்புரை மறைந்தது. இந்த மாற்றத்தின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. பழைய வாசகத்தில் ஒப்பீடு வண்டிக்கும் சான்றுக்கும் இடையே: வண்டி மாறினால் சான்றைத் திருத்திக்கொள்ளலாம். புதிய வாசகத்தில் ஒப்பீடு சான்றுக்கும் உற்பத்தியாளரின் மூலக் குறிப்புக்கும் இடையே. மூலம் கடந்தகாலத்தில் முடிந்துவிட்டது. அதைத் திருத்த எவராலும் இயலாது. உரிமையாளர் இருந்த இடத்தில் ஆலை வந்து அமர்ந்தது.

இந்த வாசகத்தின் பொருளை உச்சநீதிமன்றம் உறுதிசெய்த வழக்கு கேரளத்திலிருந்து சென்றது என்பது இந்தப் பகுதிக்குப் பொருத்தமானது. கேரள மோட்டார் வாகன விதிகள் 1989 சில மாற்றங்களுக்கு இடமளிப்பதால் அவற்றுக்குப் பயன் தரவேண்டும் என்று கேரள உயர்நீதிமன்ற அமர்வு கருதியிருந்தது. 2019 சனவரி 9 அன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே. ஜெயச்சந்திரா என்ற வழக்கில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அதை ஏற்கவில்லை. விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை. உற்பத்தியாளரின் மூலக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற இயலாது என்றனர்.

எனினும் 52ஆம் பிரிவின் விளக்கவுரையை இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும். 'மாற்றம்' என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அது வரையறுக்கிறது. இரண்டு நிபந்தனைகள்: கட்டமைப்பு மாற வேண்டும், அதன் விளைவாக அடிப்படைத் தன்மையும் மாற வேண்டும். கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்குவது அப்படிப்பட்டது. டிக்கியின்மேல் ஒட்டிய ஒரு பட்டை? பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் பெயர், சேசிஸ் எண், எஞ்சின் எண், உடல் வகை, நிறம், இருக்கை எண்ணிக்கை, வெற்றெடை முதலிய கட்டங்கள் உள்ளன, ஸ்பாய்லருக்குக் கட்டமில்லை. என் வாசிப்பில், பின்விளக்கை மறைக்காத, வண்டியின் விளிம்புக்கு வெளியே நீட்டாத சிறு ஸ்பாய்லர் இந்த வரையறைக்குள் வராது. அகன்று உயர்ந்து கூர்விளிம்போடு நிற்கும் சிறகைப் பற்றி அதே உறுதியோடு சொல்லமாட்டேன்.

ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 182ஏ என்ற பிரிவை மாற்றி எழுதியது. அதன் நான்காம் உட்பிரிவு, பாகங்களைப் பின்னர்ப் பொருத்துவது உட்பட, சட்டத்தாலும் விதிகளாலும் 'அனுமதிக்கப்படாத முறையில்' வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 'தடைசெய்யப்பட்ட' என்பதும் 'அனுமதிக்கப்படாத' என்பதும் ஒன்றல்ல. முதற்சொல்லில் சட்டத்தின் மௌனம் உரிமையாளர் பக்கம் நிற்கும். இரண்டாவதில் அதே மௌனம் அதிகாரியின் பக்கம் சாயக்கூடும். ஸ்பாய்லரைப் பற்றிப் பெயர் சொல்லி எதுவும் கூறாத சட்டத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாம். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதில் எண்ணிக்கைச் சிக்கலும் உண்டு. ஸ்பாய்லரும் அதற்குள் பதித்த பிரேக் விளக்கும் ஒரு மாற்றமா, இரண்டா? கணக்கு சாலையோரத்தில் போடப்படுகிறது.

இங்கே எல்லை நுழைகிறது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்ற போராட்டம் நிறைவேறாமல், அவை 1956 நவம்பர் 1 அன்று கேரளத்துக்கே சென்றன. சித்தூர் வட்டத்தின் கோபாலபுரமும் கோவிந்தாபுரமும், இடுக்கியின் குமுளியும் மறையூரும் சந்தை, திருமணம், வேலை ஆகியவற்றால் பொள்ளாச்சி, கோவை, கம்பம், உடுமலைப்பேட்டையோடு பிணைந்தவை. கே.எல். 70 என்ற சித்தூர் எண்ணுள்ள கார் தமிழ்நாட்டுப் பட்டறையில் நிற்பதிலும், டி.என். 60 என்ற தேனி எண்ணுள்ள ஜீப் பூப்பாறை ஏலத்தோட்டத்தில் நிற்பதிலும் வியப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அதைச் செயல்படுத்தும் கண்டிப்பு ஒன்றல்ல. வாகன மாற்றங்களில் கேரள உயர்நீதிமன்றம் தொடர்ந்து இட்ட ஆணைகளால் அங்கே சோதனை கடுமை. இந்தப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை என்பது எல்லையில் வண்டி ஓட்டும் எவரும் அறிந்தது. ஆகவே ஒரே ஸ்பாய்லர் வேலந்தாவளத்துக்குக் கிழக்கே அலங்காரம், மேற்கே வழக்கு.

இடுக்கிப் பக்கத்தில் இந்த முரண் வேறு முகம் கொள்கிறது. கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் விடியலில் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிச்செல்பவை ஜீப்புகள். அங்கே ஒரு வண்டியின் 'அடிப்படைத் தன்மை' என்பது எத்தனை பேர் உட்கார முடியும், பிரேக் பிடிக்குமா என்பதே. பின்பக்கத்தில் கூடுதல் பெஞ்சு, நீட்டிய கூண்டு, கனத்த பம்பர் ஆகியவை பிழைப்புக்கான மாற்றங்கள். இவற்றையும் கல்லூரி இளைஞரின் ஸ்பாய்லரையும் ஒரே சொல்லால் 'ஆல்ட்டர்' என்று அழைக்கிறோம். எல்லையின் இருபுறமும் அதே சொல்தான். தையற்கடையில் சட்டைக்கு வழங்கிய சொல், உடலுக்கு ஏற்பத் துணியைத் திருத்துவது என்ற நற்பொருளோடு வண்டிக்கு வந்தது. சட்டத்தில் அதே சொல் குற்றத்தின் பெயர்.

2022 அக்டோபர் 5 இரவு வாளையார்–வடக்கஞ்சேரி நெடுஞ்சாலையில், எறணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து பள்ளி மாணவர்களை ஊட்டிக்கு ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து, கோவைக்குச் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் பின்புறத்தில் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தின் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் உயிரிழந்தனர். மோதலுக்குச் சற்றுமுன் சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கி.மீ. எனப் பதிவாகியிருந்தது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. உயர்நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மாநிலமெங்கும் சோதனைகள் நடந்தன. வண்ண விளக்குகள், கூடுதல் ஒலிபெருக்கிகள், உடல் ஓவியங்கள் எல்லாம் நீக்கப்பட்டன. சுற்றுலாப் பேருந்துகள் ஒரே சீராக வெண்ணிறம் பூண வேண்டும் என்று முன்பே எடுக்கப்பட்டிருந்த முடிவு விரைந்து செயலுக்கு வந்தது.

அந்தச் சோதனைகளின் தேவையை மறுக்கும் துணிவு எவருக்கும் இருக்காது, எனக்கும் இல்லை. கண்கூச வைக்கும் விளக்குகள் எதிரே வருபவரின் பார்வையைப் பறிப்பவை, அவை போகவேண்டியவையே. ஆயினும் ஒன்பது உயிர்களைப் பறித்த மாற்றம் பேருந்தின் வெளிப்புறத்தில் இல்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத ஒன்று. ஓவியமும் ஸ்பாய்லரும் நூறு அடி தொலைவிலேயே தெரியும். சாலையோரச் சோதனை என்பது இயல்பாகவே கண்ணுக்குத் தெரிவதைப் பிடிக்கும் முறை. தெரியாததைப் பிடிக்கக் கருவியும் நேரமும் பயிற்சியும் வேண்டும். தோற்றத்தை மாற்றுபவரும் பாதுகாப்பைக் குலைப்பவரும் ஒரே உட்பிரிவின்கீழ், ஒரே 5000 ரூபாயில் நிற்கும்போது, எளிதில் அகப்படுபவர் எவர் என்று சொல்லத் தேவையில்லை.

பேருந்தைப் பொறுத்தவரை 'உற்பத்தியாளர்' என்ற சொல்லே வேறு சிக்கலுக்கு உரியது. பல பேருந்துகளின் சேசிஸை ஒரு நிறுவனம் தருகிறது. உடலைக் கரூரிலோ கோதமங்கலத்திலோ வேறொருவர் கட்டுகிறார். அங்கே 'முதலில் குறித்துரைத்தவர்' யார்? பேருந்து உடலுக்கான தனித் தரநெறி இதற்கு விடை காண முயல்கிறது: உடல் கட்டுபவரும் அளவுகளுக்கும் பொருள்களுக்கும் உட்பட்டு, சோதனைக்குள்ளாகி, சான்று பெற்றே கட்ட வேண்டும். காரின் ஸ்பாய்லருக்கும் அதுபோல் ஓர் அளவுநெறியை எழுத இயலும். உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, விளிம்பின் வளைவு இவ்வளவு, இன்ன விசையைத் தாங்கும் பொருத்துமுறை, மூன்றாவது பிரேக் விளக்குக்கு இன்ன இடம் என்று. ஜெர்மனியில் பின்னர்ப் பொருத்தும் பாகங்களைத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனங்கள் சோதித்துச் சான்றளிக்கும் முறை உள்ளது. ஒரு காலத்தில் சிறகை டிக்கிக்குள் ஒளித்து விற்கவைத்த அதே நாடு அது. நம்மிடம் 1988இன் இரண்டு விழுக்காட்டுக் காப்புரை அத்தகைய நெறிக்கு ஒரு கரட்டு வடிவமாகவேனும் இருந்தது. எடை மட்டுமே அதன் அளவுகோல். காற்றையும் கூர்மையையும் அது அறியவில்லை. திருத்தியிருக்கலாம், நீக்கினார்கள்.